கட்டளை தவறும் விளையாட்டு

நெப்போலியன் காலத்துச் சமரை மேசையில் ஆட விரும்புவோர் முதலில் வாட்டர்லூவைத்தான் விரிப்பார்கள். அதே காலத்துப் படையெடுப்பு ஒன்று நமது மட்டக்களப்பிலிருந்தும் புறப்பட்டது. ஒல்லாந்து பிரான்சின் கைக்குள் போனதால் 1795இல் ஆங்கிலேயர் மட்டக்களப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர்.

1803இல் கண்டியில் ஆங்கிலேய மேஜர் டேவியின் படை அழிந்தது. மறுவருடம் ஆங்கிலேய ஆளுநர் நோர்த் பல இடங்களிலிருந்து அணிகளை ஒரே சமயத்தில் கண்டிக்கு அனுப்பத் திட்டமிட்டார். மட்டக்களப்பு அணிக்குத் தலைவர் கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரன். படையினர் ஏறத்தாழ 300 பேர். சுமைகாரர் அதைவிடக் கூட. பிறகு திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் செய்தி ஜோன்ஸ்ரனுக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. 1804 ஒக்டோபரில் அவர் தனியாகக் கண்டிக்குள் நுழைந்தார். வேறு எந்த அணியும் வரவில்லை. சில நாள் பார்த்திருந்துவிட்டு, காட்டு வழியே சண்டையிட்டபடி திருகோணமலைக்குப் பின்வாங்கினார். இதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1810இல் லண்டனில் வெளிவந்தது. எந்த மேசைப்போர் மரபையும் இந்தப் பயணத்தைக் கொண்டு உரசிப் பார்க்கலாம்.

மூத்த மரபு நமக்குப் பழக்கமானது. இந்தியச் சதுரங்கம் பாரசீகம் போய், அரபிகளிடம் சத்ரஞ்சாகி ஐரோப்பாவை அடைந்தது. 1780இல் ஜேர்மனியின் ஹெல்விக் அந்தப் பலகையை ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கி, மலைக்கும் ஆற்றுக்கும் நிறம் கொடுத்தார். ஆனாலும் இரு பக்கத்தாரும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஜோன்ஸ்ரனின் பிரச்சினை அதில் எழவே எழாது.

பிரசியாவின் ரைஸ்விட்ஸ் குடும்பம்தான் கதவைத் திறந்தது. தந்தை 1812இல் மன்னருக்கு ஒரு மேசையைச் செய்து கொடுத்தார். மகன் 1824இல் விதிநூலை வெளியிட்டார். கட்டங்கள் போய் 1:8000 அளவு வரைபடம் வந்தது. ஒரு முறை ஆட்டம் என்பது இரண்டு நிமிடச் சண்டை. ஆடுபவர் காயைத் தொடமாட்டார். கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார். தூதுவன் குதிரையில் போகும் நேரத்தைக் கணக்கிட்டு நடுவர் காயை நகர்த்துவார். எதிரியின் கண்ணில் படாத படை வரைபடத்தில் வைக்கப்படாது. வாட்டர்லூக் காலத்தில் வெலிங்டனோடு இருந்த தளபதி மஃப்ளிங் இதைப் பார்த்து, இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று வியந்தார். அந்த வியப்பு நியாயமானது. கட்டளை பிந்தலாம், தவறலாம் என்பதற்கு முதன்முதலாக விதி கிடைத்தது.

1876இல் பிரசிய அதிகாரி வெர்டி டு வெர்னுவா ரைஸ்விட்ஸ் முறையில் இருந்த தாயக்கட்டையையும் அட்டவணைகளையும் ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே விதியாக்கினார். நடுவர் நல்லவராக அமைந்தால் இதற்கு மேலான முறை இல்லை.

1913இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களை விழுத்தும் விளையாட்டுக்கு ஒரு நூல் எழுதினார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்ரோன் எழுதிய நூலோடு பொம்மைப் படை மரபு வேரூன்றியது. சீருடையின் பொத்தான் நிறம்வரை ஆராய்ந்து தீட்டும் அந்த மரபினரின் பொறுமையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு பொம்மைக்கு 20 பேர் என்று வைத்தால் ஜோன்ஸ்ரனின் படை வெறும் 15 பொம்மை. சுமைகாரருக்குப் பெரும்பாலும் பொம்மையே கிடையாது. வரிசை கட்டி, சதுரம் அமைத்துப் போரிடும் ஐரோப்பிய வயலுக்கு எழுதிய விதிகள் கண்டிக் காட்டில் கைகொடுக்கா.

ரைஸ்விட்ஸின் அளவும் அப்படியே பொருந்தாது. 1:8000இல் 100 கிலோமீற்றர் வழிக்கு 12.5 மீற்றர் மேசை வேண்டும். வரைபடத்தைச் சுருக்கலாம், நடுவரை விடக்கூடாது. ஆளுநருக்கு ஓர் அறை, ஜோன்ஸ்ரனுக்கு ஓர் அறை, கண்டிக்கு ஓர் அறை. கடிதங்கள் நடுவர் கையால் மட்டுமே போக வேண்டும். வெற்றியையும் கண்டியின் கணக்கில் அளக்க வேண்டும்: நகரைப் பிடித்ததற்குப் புள்ளி இல்லை, திருகோணமலைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கே புள்ளி, சுமைகாரரும் அந்தக் கணக்கில் அடக்கம்.