நடுகல்லும் நாவலும்

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலான இருப்புப்பாதை 1886ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையோடு வளர்ந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ். இருப்புப்பாதை வேலையால் அங்கே குடும்பத்தை நிலைநிறுத்திக்கொண்ட தமிழர் பலர். மலேசியத் தமிழரின் நினைவில் மற்றோர் இருப்புப்பாதையும் உண்டு. முன்னது வாழ்வு தந்தது. பின்னது உயிர் குடித்தது.

சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானியர் 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதில் வேலை செய்த ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கோ அத்தகைய கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

இவ்வேறுபாடு எழுத்திலும் தொடர்ந்தது. கைதிகள் நாட்குறிப்பு எழுதினர். மீண்டபின் நூல்கள் எழுதினர். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் அவர்கள் கதையை உலகெங்கும் பரப்பியது. தமிழ்த் தொழிலாளியின் துயர் அதில் இடம்பெறவில்லை. தமிழிலோ, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வெளிவந்தது 1993இல், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இல். பாதை முடிந்து அரை நூற்றாண்டு சென்ற பின்னரே அக்கொடுமை நாவலாக வடிவெடுத்தது.

இம்மௌனத்திற்குக் கல்வியின்மையும் வறுமையும் காரணங்கள். ஆயினும் அவை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. தோட்டத்திலிருந்து ஆள் அனுப்பப்பட்டபோது, பட்டியல் எழுதிய கிராணியும் ஆளைத் திரட்டிய கங்காணியும் பல இடங்களில் நம்மவரே. போனவன் மனைவியும் பெயர் எழுதியவன் மனைவியும் போருக்குப் பின்னும் ஒரே லயத்து வரிசையில் வாழ வேண்டியிருந்தது. அத்தகைய இடத்தில் மறதி ஒரு சமூக உடன்பாடு ஆகிவிடுகிறது.

இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கானா நாட்டுக் கடற்கரையில், 1482இல் போர்த்துக்கீசியர் கட்டிய எல்மினாக் கோட்டை பின்னாளில் அடிமை வாணிகத்தின் களமாயிற்று. இன்று அது உலகறிந்த நினைவிடம். ஆயின் உள்நாட்டு அசாந்தி மக்களிடையே, ஒருவரது பிறப்பின் மூலத்தைப் பிறர் வெளியில் சொல்லலாகாது என்பது பழைய விதி. அடிமைகளின் வழிவந்தோரைக் குடும்பத்துள் ஒன்றாக்க அவ்விதி உதவியது. விற்றவர் யார், விற்கப்பட்டவர் யார் என்ற கேள்வியையும் அதுவே மூடி வைத்தது. அயலான் செய்த கொடுமையை நினைப்பது எளிது. தன் வீட்டார் கைப்பட்ட கொடுமையை நினைப்பதே அரிது. சயாம் பாதை பற்றிய எந்தத் தமிழ்ப் படைப்பையும் அளக்கும் கோல் இதுவாகவே இருத்தல் வேண்டும்: ஜப்பானியச் சிப்பாயின் சாட்டையோடு கதை நின்றுவிடுகிறதா, கிராணியின் பேனா வரை செல்கிறதா?

ரெங்கசாமி தம் நாவலுக்கு இட்ட தலைப்பு ஆழ்ந்து நோக்கற்பாலது. கல்லில் சின்னம் இல்லாத காலத்தில் நூலே சின்னமாக நின்றது. 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் இத்தொழிலாளர்க்கு நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. நடுகல் மரபைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. அங்கே கல் பெறுபவன் போரில் பட்ட வீரன். வாந்திபேதியில் மடிந்த பால்மரத் தொழிலாளிக்குக் கல் நாட்டியதால் மரபு குறைவுறவில்லை, விரிவுற்றது.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. பழந்தமிழர் நடுகல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்தனர். நாவல் துயரத்தை உணர்த்த வல்லது. ஆயின் அது தரும் பெயர்கள் கற்பனைப் பெயர்கள். உண்மைப் பெயர்கள் ஒருகாலத்தில் விடியற்காலைப் பெரட்டில் நாள்தோறும் உரக்கக் கூப்பிடப்பட்டவை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் முதியோர் சிலரிடம் அவை இன்னும் இருத்தல் கூடும். தமிழாசிரியர் தம் மாணவரை வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்பி, "நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்?" என்று கேட்டெழுதச் செய்யலாம். நாவலாசிரியர் தொடங்கிய பணி அங்கேதான் நிறைவெய்தும்.