குவளையும் கைரேகையும்

விடியற்காலையில் டீக்கடைப் பாய்லரில் வெந்நீர் கொதிக்கத் தொடங்கும் வேளையில், ஒரே தினசரி தாள் தாளாகப் பிரிக்கப்பட்டு, முதல் பக்கம் ஒருவர் கையிலும் சினிமாப் பக்கம் இன்னொருவர் கையிலுமாகப் பெஞ்சு நெடுகச் சுற்றி வருகிற காட்சியைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே நடக்கும் தர்க்கத்தை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளுகிற படிப்பாளிகளும் உண்டு. ஜனநாயகத்தின் பாடசாலை என்று போற்றுகிறவர்களும் உண்டு. தகப்பனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆகையால் அதன் குணத்தையும் குற்றத்தையும் ஒருசேரச் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1925-இல் ஈரோட்டிலிருந்து பெரியார் ‘குடி அரசு’ இதழைக் கொண்டுவந்த பிறகும், 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்குகிற நடையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய பிறகும், அச்சில் ஏறிய அரசியல் டீக்கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் கட்சிப் படிப்பகத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, கையெழுத்துப் போடவும் அறியாத பத்துப் பேர் கேட்டு, மந்திரியின் வாக்குறுதியைத் தம் வயலிலும் கூலியிலும் உரசிப் பார்த்தார்கள். அந்தத் தர்க்கத்துக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. இன்றைக்குச் சூடாகப் பேசியவர் நாளைக் காலையிலும் அதே பெஞ்சுக்கு வந்தாக வேண்டும். அவர் வயலுக்கு மடை திறந்துவிடுகிறவரும் அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவரும் எதிர்க்கட்சிக்காரராகவே இருப்பார். ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்று பலகை மாட்டிய கடைகளிலும் அந்தப் பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்து பேசினார்கள். பேசாதிருக்க முடியாத அளவுக்கு அரசியல் அவர்களுடைய சொந்த விஷயமாகியிருந்தது.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்று கேட்டால் குற்றம் தொடங்கிவிடுகிறது. 1950-இல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைத் தண்டிக்கச் சட்டமும் வந்தது. அதற்குப் பின்னும் பல ஊர்களில் இரட்டைக் குவளை இருந்தது. கூரையில் செருகியிருக்கும் சிரட்டையைத் தாமே எடுத்து, தாமே கழுவி, எட்ட நின்று ஊற்றப்படும் தேநீரைக் குடித்துவிட்டு, மீண்டும் அதே இடத்தில் செருகிவிட்டு வேலைக்குப் போன மனிதர்களின் காதில், உள்ளே சமத்துவத்தைப் பற்றி நடந்த தர்க்கம் விழுந்துகொண்டுதான் இருந்தது. பிற்காலத்தில் பிளாஸ்டிக் கப்பும் காகிதக் கப்பும் வந்தபோது, சில கடைகளில் ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனியிலிருந்து வந்தவருக்குத் தூக்கி எறிகிற கப் என்று ஏற்பாடு மாறியது. பழைய அநீதி புதிய பண்டத்துக்குள் புகுந்துகொண்டு, சுகாதாரம் என்ற பெயரையும் வைத்துக்கொண்டது. இதையெல்லாம் கண்ணால் கண்டும், பெஞ்சில் ஒருவரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்று வெகுகாலம் கவனியாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். பெண்களுக்கோ அந்தப் பெஞ்சில் இடமே இல்லை. அவர்களுடைய தர்க்கம் குழாயடியிலும் நடவு வயலிலும் நடந்தது; அதற்கு வம்பு என்று பெயர் வைத்தார்கள்.

யார் பேசினார்கள் என்பதோடு எப்படிப் பேசினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய தர்க்க நூலாகிய கௌதமருடைய நியாய சூத்திரம் தர்க்கத்தை மூன்றாகப் பகுக்கிறது: உண்மையை நாடுவது வாதம், வெற்றியை நாடுவது ஜல்பம், தனக்கென ஒரு பட்சத்தை நிறுவாமல் பிறர் பட்சத்தை உடைப்பது மட்டும் விதண்டை. டீக்கடைத் தர்க்கம் வாதமாகத் தொடங்கி ஜல்பமாக முடிவது பழைய வழக்கம். கைபேசி வந்த பின் வாட்ஸ்அப் காணொளி ஒன்றைத் தூக்கிக் காட்டினால் அதுவே பிரமாணமாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய மாறுதல் ரேஷன் கடையில் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் 2017-இல் ஸ்மார்ட் கார்டும், 2020 அக்டோபரில் கைரேகைப் பதிவும் வந்தன. நன்மை இல்லாமல் இல்லை: வாங்காத பருப்பை வாங்கியதாகப் பில் போட்டால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரை நியாயம் கேட்டவர்களை நான் அறிவேன். ஆனால் முன்பெல்லாம் எடை குறைந்தால் தராசு முள்ளை வரிசையே பார்த்தது. சண்டை போட எதிரே ஒரு மனிதர் இருந்தார். இப்போது தீர்ப்பு திரையில் வருகிறது; ‘மெஷின் எடுக்கலை’ என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டு மாநிலத்துச் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாரோடு இணைக்கப்படாததால் ரேஷன் அட்டை நீக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பசியால் இறந்தாள் என்றாள் தாய். மலேரியா என்றார்கள் அதிகாரிகள். எங்கள் பெஞ்சிலும் பசியா, மலேரியாவா என்று கட்சி கட்டி இரண்டு நாள் பேசினார்கள். அட்டையை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, நீக்குமுன் அந்த வீட்டுக்கு யாராவது போய்ச் சொன்னார்களா, சொல்லியிருந்தால் அந்தத் தாய் எங்கே போய் முறையிட்டிருக்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்சியின் பட்சத்தை நிறுவத் தெரிந்த தர்க்கத்துக்கு, இயந்திரத்தின் பின்னால் இருக்கும் விதியை விசாரிக்கத் தெரியவில்லை. டீக்கடைத் தர்க்கத்தின் ஆகப் பெரிய குறை இதுவென்றே நான் நினைக்கிறேன்.

அந்த விசாரணையை நான் முதன்முதலில் கேட்டது பெஞ்சில் அல்ல, ரேஷன் வரிசையில். என் பெரியம்மா நாற்பது வருஷம் நாற்று நட்டவள். நான்கு விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த விற்பனையாளர், “ரேகை விழலை பாட்டி, நாளைக்கு வாங்க” என்றார். திரும்பப் போனவளைப் பின்னால் நின்ற ஒரு பெண் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ரேகை விழலேன்னா நோட்டுல கைநாட்டு வாங்கிட்டுக் குடுக்கணும்ல அண்ணே? நோட்டை எடுங்க.”

“அதெல்லாம் மேல கேட்கணும்மா.”

“மேலன்னா யாரு? பேரைச் சொல்லுங்க, நானே போன் போட்டுக் கேட்கிறேன். நாத்து நட்டுத் தேஞ்ச விரல் அது. தேஞ்சது அவங்க தப்பா?”

எதிர்க்கடைப் பெஞ்சில் பேச்சு நின்றுபோய், எல்லோரும் பத்திரிகைத் தாளைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார்கள். விற்பனையாளர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தார். பெரியம்மா கட்டைவிரலை மையில் ஒற்றிப் பக்கத்தின் ஓரத்தில் அழுத்தினாள். கோடு ஒன்றும் இல்லாத ஒரு நீலக் கறை விழுந்தது. அதன் அருகில் அவள் பெயரை எழுதிவிட்டு, அவர் அரிசியை எடைபோட்டார்.