கரையிலிருந்து சட்டி வரை

திருப்போரூருக்குக் கடல் தூரமில்லை. கிழக்கே நெம்மேலி ரோட்டில் உப்பங்கழியைக் கடந்தால் ஈ.சி.ஆர்., அதற்கும் அப்பால் குப்பம். அங்கே சொந்தம் உள்ளவர்கள் போய்த் திரும்பும்போது வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். கொடுத்தனுப்பும் மீனின் ருசி பாதி கடலில் விளைகிறது. மீதிப் பாதியைக் காப்பதும் கெடுப்பதும் நாம் வரும் வழிதான்.

வஞ்சிரம் கேட்காதீர்கள். அது ஐஸில் நாலைந்து நாள் தாங்கி எந்த ஊர் மார்க்கெட்டுக்கும் வந்துவிடும். குப்பத்திலிருந்து கொண்டுவர வேண்டியவை பயணம் தாங்காத சிறுமீன்கள்: நெத்திலி, காரப்பொடி, கானாங்கத்தை, சின்னச் சங்கரா. விடியுமுன் ஃபைபர் படகில் போய் வலை போட்டு, வெயில் ஏறுமுன் கரை திரும்புகிறார்கள். நாள்கணக்கில் விசைப்படகின் ஐஸ் அறையில், குவியலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த மீன் இல்லை இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நின்றுவிட, இந்தச் சிறுபடகுகள் மட்டும் போய்வரும். மாங்காய் கிடைக்கும் காலமும் அதுதான். நெத்திலிக்கும் மாங்காய்க்கும் உள்ள பொருத்தத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குப்பத்துப் பெண்கள் மீன் பார்க்கும் விதமே அழகு. செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் தலையைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுவார்கள். வால் தொங்காமல் விறைத்து நின்றால் போதும், கூடைக்குள் போகும். நண்டென்றால் கால் அசைய வேண்டும்.

"மொதல்ல ஐஸ வாங்கிக்க, அப்புறம் மீன வாங்கு" என்பது என் சித்தியின் கட்டளை. மீனின் எடைக்கு எடை ஐஸ், நன்றாக உடைத்தது. பெரிய கட்டியாக இருந்தால் நெத்திலியின் வயிறு வெடித்துவிடும். அடியில் ஒரு பரப்பு, நடுவில் மீன், மேலே ஒரு பரப்பு. உருகும் தண்ணீர் வடிந்துவிட வேண்டும். அதில் ஊறிய மீன் சப்பென்று போய்விடும். சங்கராவுக்குச் செவுளையும் குடலையும் கரையிலேயே எடுத்துவிடுவார் சித்தி. அழுகல் தொடங்கும் இடங்கள் அவை. கானாங்கத்தை விஷயத்தில் அவர் கண்டிப்பு இன்னும் கூடுதல், அது நியாயமும்கூட: வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி அலச வேண்டும். நெத்திலிக்கு அரிவாள்மனை எதற்கு? தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும்.

அன்றைய மீனை மசாலா தடவி வறுப்பது எனக்குச் சம்மதமில்லை. மிளகாய்த்தூளும் எண்ணெயும் எந்த மீனையும் ஒரே ருசிக்குக் கொண்டுவந்துவிடும். புளி குறைத்து, மாங்காய் கூட்டி, குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு மீனைப் போட்டு, கரண்டி படாமல் சட்டியை ஒருமுறை சுழற்றி இறக்கிவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாள் வறுத்துக்கொள்ளலாம்.