ஷிப்ட் முடிந்த பிறகு எங்கே உட்காருவது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களிடம் லீவு அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில் "தூங்குவேன்" என்பதுதான். அடுத்தது "ஊருக்குப் போவேன்". மூன்றாவதாகத்தான் ஓர் இடத்தின் பெயர் வரும், அதுவும் பெரும்பாலும் சென்னையில் இருக்கும். கார், டயர், செல்போன், லாரி என்று எதையும் செய்து கொடுக்கும் இந்த வட்டாரத்தில் மனசு ஆற ஓர் இடம் உண்டா என்பதை நிதானமாக எடைபோட வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

எடைபோடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். சுற்றுலாக் குறிப்புகள் ஞாயிற்றுக்கிழமை காரில் குடும்பத்தோடு வருபவரை நினைத்து எழுதப்படுகின்றன. நான் நினைப்பது வேறொருவரை. ஹாஸ்டலிலோ நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறையிலோ தங்கியிருப்பவர், சொந்த வண்டி இல்லாதவர், வார விடுப்பு எந்தக் கிழமை வரும் என்பது ஷிப்ட் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலையில் இருப்பவர். அவருக்காக நாலு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போய் இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா? எதையும் வாங்காமல் ஒரு மணி நேரம் உட்காரலாமா? ஒரு பெண் தோழியோடு போய் உட்கார்ந்தால் யாரும் ஏன், எதற்கு என்று கேட்காமல் விடுவார்களா? இரண்டாம் தடவை போனாலும் பார்க்க மிச்சம் ஏதாவது இருக்குமா?

முதல் இரண்டு கேள்விகளிலேயே சில இடங்கள் விழுந்துவிடுகின்றன. பெங்களூர் நெடுஞ்சாலையில் பழஞ்சூர் பக்கம் இருக்கும் குவீன்ஸ்லேண்ட் கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள் முழுக்கக் கூத்தும் கும்மாளமுமாக இருக்கலாம். நுழைவுக் கட்டணத்தோடு சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அது வருஷத்துக்கு ஒரு தடவை போகிற இடம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்கு நிஜமான பெருமை உண்டு. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இதைத் திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று, இந்தியக் கார் பந்தயத்தின் தாய்வீடு. எஞ்சின் பூட்டுகிற கையோடு அந்த எஞ்சின் சீறுவதைப் பார்ப்பது தனிச் சுகம்தான். ஆனால் பந்தயம் இல்லாத நாளில் அங்கே உட்கார வழியில்லை. வண்டலூர் உயிரியல் பூங்கா ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் நேராகப் போனால் வந்துவிடும். நிழல், நடைபாதை, கழிப்பறை எல்லாம் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் பூட்டியிருக்கும். செவ்வாயன்று வார விடுப்பு விழுந்தவருக்கு அதுவும் இல்லை.

ராஜீவ் காந்தி நினைவிடத்தைப் பட்டியலில் சேர்ப்பதா என்பதிலேயே எனக்குத் தயக்கம் உண்டு. 1991 மே 21 இரவு குண்டு வெடித்த அதே இடம். 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். தர்மம், உண்மை, நீதி, அறிவியல், தியாகம், அமைதி, வளம் என்று ஏழு தூண்கள் நிற்கின்றன. நெடுஞ்சாலை இரைச்சலிலிருந்து உள்ளே வந்தால் சட்டென்று குரல் தணிந்துவிடும். அந்தக் கட்டுப்பாடு அந்த இடத்துக்குத் தகும். ராஜீவோடு இறந்தவர்களில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களும் சாதாரண ஜனங்களும் உண்டு என்பதை நினைத்துக்கொண்டு ஒரு தடவை போய் வர வேண்டிய இடம். கால் நீட்டி உட்காருகிற இடமாக அதைக் கேட்பது முறையில்லை.

செம்பரம்பாக்கம் ஏரிதான் எல்லோரும் சொல்கிற பெயர். நிரம்பினால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. கரையில் ஏறி நின்றால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது. நாள் பூராவும் பத்தடி தூரத்தில் இருக்கிற ஒரே பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்த விரிவே மருந்து. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த வட்டாரத்தில் சாயங்காலத்துக்கு இதைவிடப் பெரிய காட்சி கிடையாது. ஆனால் அது சென்னைக்குக் குடிநீர் தேக்கி வைத்திருக்கிற இடம். 2015 டிசம்பரில் இங்கிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் வெள்ளமாகப் போனது யாருக்கும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் கரைப் பக்கம் விடாமல் தடுப்பதும் சரிதான். மற்ற மாதங்களில் கரையில் நிழல் இல்லை, பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை, பொழுது சாய்ந்தால் வெளிச்சமில்லை. கும்பலாகப் போகிற இளைஞர்களுக்கு ஏரி தேறும். இரண்டு பெண்களுக்குத் தேறாது. என் மூன்றாவது கேள்வியில் அது தோற்கிறது, அதுவும் மோசமாகவே தோற்கிறது.

இனி ஊருக்குள் வருவோம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அனந்தசரஸ் குளமும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்திலிருந்து எட்டிவிடுகிற தூரத்தில் இருக்கின்றன. ராமானுஜர் 1017-இல் பிறந்த ஊர் இது. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே வடித்து, அவரே தழுவிக் கொடுத்ததாக மரபு சொல்லும் திருமேனி இங்கே இருக்கிறது. தானுகந்த திருமேனி என்பார்கள். குளிர் மாதங்களில் அதற்குக் கம்பளி போர்த்துவார்கள், வெந்நீரில் திருமஞ்சனம் நடக்கும். கோடையில் மெல்லிய துணி. தெய்வ விக்கிரகத்துக்குச் செய்வதைப் போலன்றி, வீட்டில் இருக்கும் வயதானவரைக் கவனிப்பது போன்ற பராமரிப்பு அது. பக்தி இல்லாதவரும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். சித்திரைத் திருவாதிரை உற்சவத்தில் ஊரே மாறிப்போகும். இரண்டாம் தடவை போனால் என்ன மிச்சம் என்ற கேள்விக்கு, பருவத்துக்குப் பருவம் மாறுகிற இந்தக் கோயிலே பதில்.

குறைகளும் உண்டு. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மூன்று, மூன்றரை ஆகும். அந்த நேரம் நடை சாத்தியிருக்கும். அடுத்தது இன்னும் பெரிய குறை. இன்றைக்கு இந்த ஊரில் ஒடிசாக்காரரும் பிகாரியும் அசாமியரும் உண்டு, இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் உண்டு. கோயில் எவ்வளவு பெரிய மனதோடு இருந்தாலும், அவர்கள் எல்லோரும் உரிமையோடு உட்காருகிற இடமாகிவிடாது. திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னார் என்று மரபு போற்றும் ராமானுஜரின் ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம். ஆகவே நான் மதிப்பெண் தருவது கோயிலைவிடக் குளக்கரைக்கு. டிக்கெட் கிடையாது, பூ விற்கிற அம்மாக்களும் படியில் விளையாடுகிற பிள்ளைகளும் இருப்பதால் பெண்கள் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டீக்கடை பக்கத்திலேயே இருக்கிறது.

வல்லக்கோட்டை முருகன் ஒரகடத்துக்காரர்களுக்கு அருகில். சுமார் ஏழடி உயரமான மூலவர், அருணகிரிநாதர் பாடிய தலம். கிருத்திகையன்று நெரிசல் தாங்காது. மற்ற நாளில் சாந்தமாக இருக்கும். ஒரு தடவை பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

தேடிப் போய்ப் பார்ப்பதற்கு என்று ஓர் ஊரைச் சொல்லச் சொன்னால் மணிமங்கலம் என்பேன், அதிலும் தயங்காமல். தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே இருக்கிறது, பஸ் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரைக் குறிப்பிடுகிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்கள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். இங்கே ராஜகோபாலப் பெருமாள் வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமுமாக, வழக்கத்துக்கு மாறாக நிற்கிறார். பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கண்ணன் சொன்ன வாக்கோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். கூட வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் அவராகக் கண்டுபிடிக்க விட வேண்டும். தர்மேஸ்வரர் கோயில் பக்கம் போனால் கல்வெட்டு வரிகளை விரலால் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு ஆள் நடமாட்டம் குறைவு. அந்த அமைதியே குறையும்கூட. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெரியாத ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருக்க எல்லோராலும் முடியாது.

ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே வடக்குப்பட்டு இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் அங்கே தோண்டியபோது கற்கருவிகளும் ரோமானிய மதுச்சாடி ஓடுகளும் பொன் அணிகளும் கிடைத்தன. உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்புகிற மண்ணில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய வணிகத்தின் துண்டுகள்! அங்கேயே ஒரு சிறு காட்சிக்கூடம் வைத்தால், பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது.

ஆக, இளைப்பாற அனந்தசரஸ், தேடிப் பார்க்க மணிமங்கலம், கண் விரிய செம்பரம்பாக்கம். தீர்ப்பை இத்தோடு முடித்தால் அது பாதித் தீர்ப்பாகிவிடும். தேறிய இடங்கள் எல்லாமே தொழிற்சாலைகளுக்கு முன்னே வந்தவை. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு வந்த கூரைகள் எத்தனை! தொழிலாளி காசில்லாமல் போய் உட்கார்ந்து பேசும்படி, அந்தக் கூரைகளுக்கு ஈடாகச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் எழவில்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டு நினைவாக ஜூபிலி பூங்காவை அமைத்து 1958-இல் நேருவைக் கொண்டு திறந்தது. அங்கே ஒரே முதலாளி, ஒரே ஊர், இங்கே நூறு கம்பெனிகள் என்பார்கள். உண்மைதான். ஆனால் நூறு கம்பெனிகளுக்கும் நிலம் கொடுத்தது ஒரே அரசு நிறுவனம், சிப்காட்.

தொழிலாளிக்குத் தூக்கம்தான் வேண்டும், பூங்கா எதற்கு என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். ஓ.டி. பார்த்துவிட்டு வருகிறவருக்குத் தூக்கம் முதல் தேவை என்பதில் சந்தேகமில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை என்று கேட்டிற்குள் யோசித்தது. கேட்டிற்கு வெளியே யாரும் யோசிக்கவில்லை. 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இங்கே பல பெண் தொழிலாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அவர்களுடைய தோழிகள் திரண்டு உட்கார்ந்தது சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில். அதன் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண்களுக்காக 18,720 படுக்கைகளோடு பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அந்த வாசலிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு அனந்தசரஸ் குளத்துக்கு ஒரு பஸ், எட்டு மணிக்குத் திரும்ப ஒரு பஸ், ஞாயிறு மட்டுமின்றி ஏழு நாளும் ஓட வேண்டும். அருகில் இருக்கும் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் மரமும் விளக்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் வர வேண்டும். அது வரைக்கும் இந்த வட்டாரத்துக்குத் தேர்ச்சி மதிப்பெண் போட எனக்குக் கை வராது.