விழத் தெரிந்தவர்கள்

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசிக் கட்டத்தில் படுகளம் நடக்கும். கோயில் திடலில் மண்ணைக் குழைத்து மலைபோல ஒரு துரியோதனனை மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். முறுக்கிய மீசை, உருட்டி விழித்த கண், தலையில் கிரீடம். இரவெல்லாம் 18ஆம் போர் கூத்து ஆடிய பீமனும் துரியோதனனும் வேஷம் கலைக்காமல் அப்படியே திடலுக்கு வந்து, அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். யார் விழப்போகிறார், எங்கே அடிபட்டு விழப்போகிறார் என்பது இடுப்பில் இருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் கதாயுதம் தொடையில் இறங்குகிற நேரத்தில் திடலே மூச்சை அடக்கும்.

தொழில்முறை மல்யுத்தம் பற்றி எப்போது எழுதினாலும் என்னிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே சார்?" ஆமாம், பேசி வைத்ததுதான். யார் ஜெயிப்பது என்பது கோதாவில் இறங்குமுன்பே முடிவாகிவிடும். பதினெட்டு நாள் போரின் முடிவும் அப்படித்தான். படுகளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பெரிதாகத் தோன்றக் கூடாது. கவனித்துப் பார்க்க வேண்டியது வேறு: விழுகிறவன் எப்படி விழுகிறான்?

அந்தக் கண்ணோடு தாராசிங்கின் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்தால் நமக்குப் பழகிய படம் கொஞ்சம் மாறுகிறது.

"பெரிய தாராசிங்னு நெனப்பு" என்று இன்றும் நம் ஊர்களில் சொல்கிறார்கள். சொல்கிற பலர் அவர் மோதுவதைப் பார்த்தவர்கள் இல்லை. 1928இல் அமிர்தசரஸ் பக்கத்தில் தர்மூசக் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1947இல் பிழைப்புத் தேடி சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்கே ஆலை வேலை. ஒழிந்த நேரத்தில் கோதா. ஆறடி இரண்டு அங்குல உயரம், நூற்று முப்பது கிலோவை ஒட்டிய எடை. அந்தக் காலத்து சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்களில்தான் மல்யுத்தம் நடக்கும். மண்ணில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து வளர்ந்த ஒரு பஞ்சாபிப் பையன், கயிறு கட்டிய மேடையில் கூட்டத்துக்கு முன்னால் சண்டையிடுவது எப்படி என்பதை அங்கேதான் கற்றார். மண் கோதாவில் பிடி விழுந்தால் போதும். மேடையில் அந்தப் பிடி கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் தெரிய வேண்டும், அவனுக்கு வலிக்கவும் வேண்டும். இரண்டும் வேறு வேறு வித்தை.

நாடு திரும்பியதும் 1954இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம். 1959இல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வீழ்த்தி காமன்வெல்த் பட்டம். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸை வென்று உலகப் பட்டம். ஐந்நூறு சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காதவர் என்பார்கள். அந்தக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எதிரில் நின்றவர்கள்.

முதலில் கிங்காங். நிஜப்பெயர் எமில் சாயா. இன்று ருமேனியாவில் இருக்கும் பிரஷோவில், அது ஹங்கேரியோடு இருந்த காலத்தில், 1909இல் பிறந்தவர். எடை நூற்று எண்பது கிலோ அளவில். தாடி, தொந்தி, உறுமல். ஊர் ஊராக, நாடு நாடாக ஆசியா முழுதும் சுற்றியவர், சிங்கப்பூரையே வீடாக்கிக்கொண்டவர். தாராசிங் அவரைத் தூக்கிச் சுழற்றி எறிந்ததைப் பற்றிப் பேசாத பழைய ரசிகர் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தோன்றும். நூற்று எண்பது கிலோ உடம்பு தன்னை முறுக்கிக்கொண்டால் எந்தப் பயில்வானாலும் அதைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தூக்கப்படுகிறவன் சரியான நொடியில் எம்ப வேண்டும், எடையைத் தோளில் சமமாகப் பரப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு அந்த உயரத்திலிருந்து தன் எடை முழுதையும் தன் முதுகிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். தாராசிங்கின் பலம் நிஜம். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அந்தப் பலத்தைத் திடலுக்குக் காட்டிக் கொடுத்தது கிங்காங்கின் உடம்பு. மறுநாள் வேறு ஊரில் அதே உடம்பு மறுபடி விழுந்தது. ஒரு கார் விபத்துக்குப் பின் 1970இல் சிங்கப்பூரில் அவர் இறந்தார். நம் ஊரில் அவர் பெயர் பருமனைக் கேலி செய்கிற சொல்லாக மட்டும் நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

விழுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேடை மெத்தை கிடையாது. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதற்கு மேல் மெல்லிய விரிப்பு, கித்தான் துணி. விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை பலகையில் மோதும். முதுகின் மேல்பாதி முழுதும் ஒரே நேரத்தில் பட வேண்டும். இரண்டு கைகளும் பலகையை அறைந்து அதிர்ச்சியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூச்சை உள்ளே பிடித்து வைத்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், வெளியே விட்டுவிட வேண்டும். இத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள். புதிதாகச் சேருகிற பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது அடிப்பதை இல்லை, இதைத்தான்.

லூ தெஸுக்கு வருகிறேன். 1968இல் அவருக்கு வயது 52, தாராசிங்குக்கு 39. பலமுறை உலகப் பட்டம் சூடியவர் தெஸ். பேசி வைத்ததை மீறி எவனாவது விளையாடப் பார்த்தால் அவன் மூட்டைக் கழற்றிவிடக்கூடிய நிஜ மல்லர் என்று அந்தத் தொழிலே அவருக்கு அஞ்சியது. அப்படிப்பட்டவர் விரும்பாவிட்டால் பம்பாயில் யாராலும் அவரை விழவைத்திருக்க முடியாது. தாராசிங்கை அவர் தனக்கு நிகரான மல்லராக மதித்ததால்தான் விழ ஒப்பினார் என்பது என் கணிப்பு. தாராசிங் வாங்கிய பட்டங்களிலேயே பெரியது அந்த மதிப்பு என்று நினைக்கிறேன்.

இதே காலத்தில் மெக்சிகோவில் ஒருவர் வெள்ளி முகமூடி அணிந்து ஆண்டுகொண்டிருந்தார். ரோடோல்ஃபோ குஸ்மான் வெர்த்தா என்ற பெயர் அங்கே பலருக்குத் தெரியாது. எல் சாந்தோ, அதாவது 'புனிதர்', என்றால் தெரியாத வீடு இல்லை. 1917இல் துலான்சிங்கோவில் பிறந்தவர், 1942இல் வெள்ளி முகமூடியோடு மேடையேறினார். மெக்சிகோவின் லூச்சா லிப்ரேயில் மல்லர்கள் இரண்டு கட்சி. நேர்மையாக மோதுகிறவன் டெக்னிகோ, முறை தவறி அடிக்கிறவன் ரூடோ. சாந்தோ தொடங்கியது ரூடோவாக. இருபது வருடம் கூட்டத்தின் வசவை வாங்கிக்கொண்ட பிறகே நல்லவர் பக்கம் வந்தார். 1958 முதல் திரைப்படம், ஐம்பதுக்கு மேல். இங்கே தாராசிங் 1962இல் 'கிங் காங்' படத்தில் நாயகனாகி, பிறகு மும்தாஜோடு ஒன்றன்பின் ஒன்றாக நடித்ததும், 1987இல் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வீடுதோறும் புகுந்ததும் இதன் இந்தியப் பிரதி போலவே இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. கோதாவில் கூட்டத்தின் கண்ணைக் கட்டிவைக்கத் தெரிந்தவனுக்குத் திரை தூரமில்லை. நம் சாண்டோ சின்னப்பா தேவரும் உடற்பயிற்சியிலிருந்து சினிமாவுக்குப் போனவர்தான்.

முகமூடியை இழப்பதுதான் மெக்சிகோ மல்லனுக்கு ஆகப்பெரிய தோல்வி. 1952இல் பிளாக் ஷேடோ என்பவர் சாந்தோவிடம் தோற்றுத் தன் முகத்தைக் கூட்டத்துக்குக் காட்ட நேர்ந்தது. அந்த ஒரு இரவுதான் சாந்தோவைச் சாந்தோவாக்கியது. சாந்தோவின் முகமூடியை எவராலும் கழற்ற முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரே அதைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தைக் காட்டினார். பிப்ரவரி 5 அன்று மாரடைப்பு. முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகமூடி ரே மிஸ்டீரியோ. டபிள்யூடபிள்யூஈ சீட்டு விளையாடிய தலைமுறைக்கு நினைவிருக்கும்: உயரம், எடை, மார்பளவு என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு மோதுகிற ஆட்டத்தில் அந்த ஐந்தடி ஆறு அங்குலக்காரரின் சீட்டு கையில் வந்தால் தோல்விதான். கேபிள் டிவியில் அவரே ராட்சதர்களின் தோளில் ஏறிச் சுற்றி அவர்களைக் கவிழ்ப்பார். கலிஃபோர்னியாவில் பிறந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் டிஹுவானாவில் தன் மாமனிடம் பயின்று, 14 வயதில் மேடையேறியவர். அவர் பறப்பதைக் கைதட்டிப் பார்த்தோம். கீழே நின்று அவரை ஏந்திக்கொண்டு தானும் விழுந்தவர்களை எத்தனை பேர் கவனித்தோம்? 2015 மார்ச்சில் அதே டிஹுவானாவில் மிஸ்டீரியோ ஆடிய சண்டையில் எதிரணியில் இருந்தவர் பெர்ரோ அகுவாயோ என்ற மல்லரின் மகன், புகழ்பெற்ற ரூடோ, வயது 35. மிஸ்டீரியோவின் உதை பட்டுக் கயிற்றின் மேல் சரிந்தவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. மயங்கித் தொங்கியது நடிப்பென்று கூட்டம் நினைத்தது. உயிர் போய்விட்டது. பேசி வைத்த ஆட்டத்திலும் எலும்பு எலும்புதான்.

மல்லனின் பிடியை உற்றுப் பார்க்கிற கண் தமிழருக்குப் புதிதில்லை. சோழன் நற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதியதைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, ஒரு கால் எங்கே அழுத்தியது, மறுகால் எங்கே வளைத்தது என்பதுவரை சொல்கிறது. பல்லவ மன்னனுக்கு மாமல்லன் என்பதே பட்டம். செஞ்சிக் கோட்டையிலும் ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலிலிருந்து அதிகம் நடக்கத் தேவையில்லாத தூரத்தில், உடற்பயிற்சிக் கூடம் என்று காட்டப்படுகிற கட்டடம் நிற்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் இந்த ஊர் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் வருகிறவர்கள் மலையேறுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். அந்தக் கூடத்தின் நிழலில் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

அப்படி நிற்கும்போது இந்த ஊர் யாரைப் பாடுகிறது என்பதும் நினைவுக்கு வரும். சிவாஜி 1677இல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். முகலாயர் வருடக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் பிடித்தனர். பிரெஞ்சுக்காரர் 1750இல் ஒரே இரவில் பிடித்தனர். பிடித்தவர்கள் எவரும் இங்கே கூத்தாகவில்லை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையிடம் இருபத்திரண்டு வயதில் தோற்று விழுந்த தேசிங்குராஜன்தான் கதையானான், பாட்டானான். அவன் குதிரைக்கும் நண்பனுக்கும்கூடப் பாட்டில் இடம் கிடைத்தது.

18ஆம் போரில் துரியோதன வேஷத்தைச் சின்ன ஆளுக்குக் கொடுக்க மாட்டார்கள். கல்யாண முருங்கையில் செதுக்கிய கிரீடமும் மார்புப் பலகையும் புஜக்கட்டையும் இறுகக் கட்டிக்கொண்டு, இரவு முழுக்க அகங்காரமாக ஆடி, விடிந்ததும் விழ வேண்டிய வேஷம் அது. குழுவில் தேர்ந்தவர்தான் அதைக் கட்டுவார்.

படுகளம் முடிந்து திரௌபதி கூந்தலை முடித்த பிறகு, ஊர்ச்சனம் அந்த மண்ணுடம்பை நெருங்கும். ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்து, முந்தானையில் முடிந்துகொள்வார்கள். கொண்டுபோய் வீட்டில் வைத்தால் நல்லது என்பது நம்பிக்கை. அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது விழுந்தவனின் உடம்பிலிருந்து.