பொறியியற் கல்வியும் பிரதேசத் தேவையும்: ஒரு விமர்சன நோக்கு

எந்தவொரு கல்வி முறையும் அது தோன்றிய சமுதாயத்தின் தேவைகளிலிருந்தே தன் உருவத்தைப் பெறுகின்றது. தேவை மாறிய பின்னரும் உருவம் மாறாது நிற்குமாயின், அக்கல்வி சமுதாயத்தின் கருவியாக இராது அதன் சுமையாகி விடுகின்றது. இலங்கையின் பொறியியற் கல்வியை இந்நோக்கில் ஆராய்தல் அவசியமாகும். கடும் போட்டிக்கும் பெரும் மதிப்பிற்கும் உரிய துறையாக இது விளங்குகின்றது. எனினும், தான் வாழும் மண் எழுப்பும் வினாக்களுக்கு இத்துறை எவ்வளவு தூரம் விடை தந்துள்ளது என்பது அரிதாகவே கேட்கப்பட்டு வந்துள்ளது.

குடியேற்ற ஆட்சியின் முதுசொம்

1893 இல் கொழும்பு மருதானையில் நிறுவப்பெற்ற தொழினுட்பக் கல்லூரியே இந்நாட்டின் முறைசார்ந்த பொறியியற் கல்விக்கு அடித்தளமாக அமைந்தது. வீதி, புகையிரதம், நீர்ப்பாசனம், நில அளவை ஆகியவற்றைப் பராமரிக்கும் அரச திணைக்களங்களுக்கு இடைநிலை ஊழியரை ஆக்கித் தருவதே அதன் பணி. பெருந்தோட்டப் பொருளாதாரத்திற்கு வேண்டிய பாதைகளைப் பேணுவோர் தேவைப்பட்டனரேயன்றி, ஒரு பிரதேசத்தின் வளங்களை ஆராய்ந்து புதியன காண்போர் தேவைப்பட்டிலர். ஆகவே திட்டமிடுதல் லண்டனிலும் கொழும்பிலும், பராமரித்தல் கிராமத்தில் என்ற வேலைப் பிரிவினை கல்வியினுள்ளேயே பதிந்தது.

இவ்வரம்பை மீறியோர் இல்லாமலில்லை. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் ஆய்வுக் கட்டுரையாகவே முன்வைத்தார். அக்கருத்து லக்சபான மின்நிலையமாக உருப்பெற 1950 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாட்டின் வளத்தை நாட்டவனொருவன் கணக்கிட்டுக் கூறியபோது அதனைக் கேட்கும் அமைப்பு இருக்கவில்லை என்பதே இத்தாமதம் உணர்த்தும் பாடமாகும்.

சுதந்திரத்தின் பின் 1950 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் தோன்றியது. 1960களின் நடுப்பகுதியில் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. கட்டுபெத்தையில் 1966 இல் எழுந்த தொழினுட்பக் கல்லூரி, 1972 இல் வளாகமாகவும் 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ச்சி பெற்றது. 1999 இல் றுகுணுப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் காலியில் ஆரம்பமாயிற்று. இவை சிறந்த பொறியியலாளர் பலரை உருவாக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் பீடங்களின் எண்ணிக்கை பெருகிய அளவிற்குக் கல்வியின் நோக்கு மாறியதா என்பதே கேள்வி.

‘யார்’ என்ற வினாவும் ‘எதை’ என்ற வினாவும்

தமிழ் மக்களைப் பொறுத்தவரை பொறியியற் கல்வி பற்றிய விவாதம் ஏறத்தாழ முற்றாக அனுமதி பற்றியதாகவே அமைந்து வந்துள்ளது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியான தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டப் பங்கீடும் நடைமுறைக்கு வந்தபோது மிகவும் பாதிக்கப்பட்டவை பொறியியல், மருத்துவ பீடங்களுக்கான இடங்களே. அவ்வநீதிக்கெதிரான குரல் நியாயமானது. அதன் அரசியல் விளைவுகள் நாடறிந்தவை. எனினும் அக்குரலினுள் ஒரு மௌனமும் இருந்தது. ‘யார் நுழைவது’ என்ற வினா, ‘நுழைந்தபின் எதைக் கற்பது, யாருக்காகக் கற்பது’ என்ற வினாவை விழுங்கிவிட்டது. பொறியியற் பட்டம் குடும்பத்தின் உயர்வுக்குரிய ஏணியாக நோக்கப்பட்டதேயன்றிப் பிரதேசத்தின் உற்பத்தி ஆற்றலாக நோக்கப்படவில்லை. ஏணியில் ஏறுபவன் கீழ்ப்படியில் நிற்பதில்லை. ஆதலால் பட்டதாரி கொழும்பிற்கும், பின்னர் கடல் கடந்தும் சென்றமை அக்கல்வியின் தோல்வியன்று. அது தனக்கு இடப்பட்ட பணியைச் செவ்வனே செய்ததன் விளைவாகும்.

இங்ஙனம் செல்வோரைத் தேசப்பற்றற்றோர் எனக் கண்டிப்பது எளிது. ஆனால் அது விமர்சனமாகாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காலத்திலும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்திலும் வடக்கில் பொறியியற் பீடம் இருக்கவில்லை. போர் அத்தொழிற்சாலைகளை முடக்கியது. 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், நாற்பது ஆண்டுகளின் பின், 2014 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் மாணவரை ஏற்கத் தொடங்கியது. தொழிற்சாலை இருந்தபோது பீடமில்லை. பீடம் வந்தபோது தொழிற்சாலையில்லை. இம்முரண்பாட்டைத் தனிமனிதரின் மனச்சாட்சி ஒன்றினால் மட்டும் தீர்த்துவிட இயலாது.

நீர் என்னும் உரைகல்

பிரதேசத் தேவை என்பது வெறுஞ் சுலோகமாக நின்றுவிடாதிருக்க வேண்டுமாயின் அதனை ஒரு குறிப்பிட்ட பிரச்சினையில் வைத்து உரைத்துப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர்ப் பிரச்சினை அதற்குத் தக்க உரைகல்லாகும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்கால ஓடையே. வடகீழ்ப் பருவக்காற்றினால் கிடைக்கும் மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிற் புகுந்து, அடியிலுள்ள கனங்கூடிய உவர்நீரின்மேல் வில்லை போல மிதக்கின்றது. கோட்பாட்டளவில், கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் அதன் கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் தங்கும். மறுதலையாக, மேலே ஓரடி குறையின் கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு உயரும். துலாவும் சூத்திரமும் கொண்டு இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்பின் எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் பரவியதும் அவ்வெல்லை அகன்றது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் 1970களில் வெங்காயமும் மிளகாயும் பெருவருவாய் தந்தபோது இறைப்பும் இரசாயன உரமும் ஒருங்கே பெருகின. உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் சேர்ந்து கிணறுகளில் நைத்திரேற்றின் செறிவை உயர்த்தின.

இங்கு இயந்திரம் ஒரு தீர்வாக வந்து புதியதொரு பிரச்சினையாயிற்று. இயந்திரத்தை இயக்கவும் திருத்தவும் அறிந்தோர் பலர் இருந்தனர். ஒரு கிணற்றிலிருந்து எவ்வளவு இறைக்கலாம் என்று கணித்துக் கூறும் அமைப்பு இருக்கவில்லை. புவியியல், இரசாயனம், விவசாயம் முதலிய துறையினர் நிலத்தடி நீரை ஆராய்ந்து எழுதினர். நோயறிதல் நிகழ்ந்தது. ஆயின் அவ்வறிவை வடிவமைப்பாகவும் கட்டுமானமாகவும் மாற்றும் பொறியியற் பீடம் அவர்களின் அயலில் இருக்கவில்லை.

கடல்நீரேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக்கும் எண்ணம் நெடுங்காலமாக நிலவியது. அதனை 1950களில் முழுமையான திட்டமாக வகுத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம். ஆனையிறவு நீரேரியில் நன்னீரைத் தேக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொணரும் அத்திட்டம் முழுமை பெறாமல் நின்றது. 2010களில் இரணைமடுக் குளத்து நீரை வெளிநாட்டுக் கடனுதவியுடன் குடாநாட்டிற்குக் கொண்டு செல்ல முற்பட்டபோது, தமது பயிர்ச்செய்கைக்கான நீர் குறையும் எனக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். ஈற்றில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவு செய்யப்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் ஆற்றல் கொண்ட நிலையம் 2024 இல் தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது.

இம்மூன்று வழிகளுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் கூறற்பாலன பல உள. கடல்நீர் சுத்திகரிப்பு மழையை நம்பியிராதது; ஆனால் மின்சாரத்தைப் பெருமளவில் உண்பது. நீரேரித் திட்டம் இயற்கையோடு இயைந்தது. ஆனால் சுண்ணக்கற் பாறையினூடான கசிவும் மீனவரின் வாழ்வும் அதிற் கணக்கிடப்படல் வேண்டும். ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், இவ்வாதங்கள் பெரும்பாலும் அரசியல் மேடையிலும் கடன் வழங்கும் நிறுவனங்களின் அறிக்கைகளிலும் நிகழ்ந்தன என்பதே. ஒரு தலைமுறைக் காலம் தொடர்ந்து பெறப்பட்ட சொந்த அளவீடுகளைக் கையில் ஏந்தி, விவசாயிக்கும் நகரவாசிக்கும் நடுவே நின்று பேசவல்ல ஒரு கல்வி நிறுவனத்தின் வெறுமை அங்கு தெளிவாகப் புலப்பட்டது.

இருப்பிடமும் ஈடுபாடும்

இனி அவ்வெறுமை நீங்கிவிட்டதெனக் கொள்ளலாமா? அறிவியல் நகரில் பீடம் அமைந்தமை வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு பிரதேசத்தில் இருப்பது வேறு. அப்பிரதேசத்தைத் தன் பாடமாகக் கொள்வது வேறு. கட்டிடம் இரணைமடுவின் அயலில் இருந்தும் பாடத்திட்டத்திலும் பரீட்சை வினாவிலும் இரணைமடு இடம்பெறாவிடின், அப்பீடம் எங்கு அமைந்திருப்பினும் ஒன்றே.

இதற்கொரு சான்றினை வறண்ட வலயத்துக் குளங்களிலிருந்து காட்டலாம். ஒரு குளத்தின் கழிவுநீர் அடுத்த குளத்திற்கு ஊட்டமாகும் வண்ணம் சங்கிலித் தொடராக அமைந்த சிறு குளங்களை ஒரு முழுமையான நீரியல் ஒழுங்காக நோக்கும் கருத்தினை 1985 இல் வகுத்துரைத்தவர் பேராதனையின் மத்தும பண்டார ஆவார். அவர் பொறியியலாளரல்லர், புவியியலாளர். 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அவ்வொழுங்கினை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. கண்முன் கிடந்த அரும்பெரும் பொறியியல் மரபொன்றின் இயக்கத்தைக் காண்பதற்குப் பொறியியற் கண்ணாடியை விடப் புவியியற் கண்ணாடியே உதவிற்று. இது பொறியியலாளரின் அறிவுக்குறையன்று. அவர்கள் எதனைப் பார்க்கப் பழக்கப்பட்டனர் என்பதன் விளைவு.

பிரதேசத்திற்கேற்ற கல்வி என்றதும் அது தரங்குறைந்த கல்வியாகிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. வளர்முக நாடுகளுக்கு எளிய தொழினுட்பமே போதும் என்ற போதனை சில வேளைகளில் அவற்றை என்றும் எளிமையிலேயே நிறுத்தும் தந்திரமாகியதுண்டு. ஆனால் சுண்ணக்கற் பாறையினுள் நன்னீரும் உவர்நீரும் நகரும் விதத்தைக் கணிப்பது எளிய கணிதமன்று. அது எந்தப் பல்கலைக்கழகத்தின் மேல்நிலை ஆய்வுக்கும் ஈடானது. 2014 இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. அதன் வழியே இந்நாட்டுப் பட்டங்கள் பிற நாடுகளிலும் ஏற்புப் பெறுகின்றன. அவ்வுடன்படிக்கை வேண்டி நிற்பது சிக்கலான பிரச்சினைகளைத் தீர்க்கும் ஆற்றலையேயன்றி, அப்பிரச்சினைகள் வேற்றுநாட்டனவாக இருத்தல் வேண்டும் என்பதையன்று.

இரு சில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கி லான்ட்மாஸ்ரர் என்ற பெயரில் உலகறியச் செய்த றே விஜேவர்தனவின் வாழ்வு இங்கு கருதத்தக்கது. எருமையின் வேலையை இயந்திரமயமாக்கினோமேயன்றி வேளாண்மையை முன்னேற்றினோமல்லோம் என்ற கருத்தினைப் பிற்காலத்தில் அவரே வெளியிட்டார். பின்னர் மண்வளத்தைப் பேணும் பயிர்ச்செய்கை முறைகளில் தம் ஆய்வைச் செலுத்தினார். கருவியிலிருந்து தேவைக்குச் செல்லாது, தேவையிலிருந்து கருவிக்கு வரும் இப்பயணமே உயர்ந்த பொறியியற் கல்வியின் இலக்கணமாகும்.

இடைநிலையும் மொழியும்

மேலும் இரு குறைகள் சுட்டப்படல் வேண்டும். ஒரு பிரதேசம் பொறியியலாளரால் மட்டும் வளர்வதில்லை. அளப்போரும் பொருத்துவோரும் திருத்துவோரும் வேண்டும். 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் அதே அறிவியல் நகரிலேயே உள்ளது. பட்டதாரியும் தொழினுட்பவியலாளனும் ஒரே பணிக்களத்தில் சேர்ந்து பயில்வதற்கு இதனிலும் வாய்ப்பான அமைவு அரிது. இடையே நிற்பது சுவரன்று; படித்தவன் கையை அழுக்காக்கலாகாது என்னும் பழைய மனோபாவமே.

மற்றையது மொழி. பொறியியல் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுவதற்குக் காரணங்கள் உள. ஆயினும் உவர்நீரேற்றத்தை ஆங்கிலத்தில் விளக்கிப் பட்டம் பெற்றவன், அதனைத் தோட்டக்காரனுக்குத் தமிழில் விளக்க இயலாதவனாயின் அவன் கணிப்பு அறிக்கையோடு நின்றுவிடும். இறைப்பைக் கட்டுப்படுத்துவது சமன்பாடன்று. சமன்பாட்டைப் புரிந்துகொண்ட விவசாயியே.

செய்யற்பாலன

இவற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. முதலாவது, இறுதியாண்டு ஆய்வுகள் ஆண்டுதோறும் சிதறுண்டு நூலகத்தில் உறங்காது, ஒரே கிணறுகளையும் ஒரே குளங்களையும் ஒவ்வோர் அணியினரும் தொடர்ந்து அளந்து செல்லும் நெடுங்கால ஆய்வாக இணைக்கப்படல் வேண்டும். பத்தாண்டு அளவீடு எந்த ஆலோசகரின் அறிக்கையினும் வலிமை வாய்ந்தது. இரண்டாவது, பெருநிறுவனங்கள் மேல் மாகாணத்திற் செறிந்திருப்பதால் அங்கு நோக்கியே செல்லும் தொழிற்பயிற்சியின் ஒரு பகுதியேனும் பிரதேச சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் ஆகியவற்றோடு நிகழ்தல் வேண்டும். மூன்றாவது, உள்ளூராட்சி மன்றங்களிலும் மாகாண நிர்வாகத்திலும் ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் உரிய பதவிகள் உருவாக்கப்படல் வேண்டும். இம்மூன்றாவது இன்றேல் முன்னைய இரண்டும் நன்கு பயிற்றப்பட்ட ஏற்றுமதிப் பொருளையே ஆக்கித் தரும்.

முதலிரண்டும் பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளன. அவற்றிற்கு எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது அரசியற் போராட்டத்திற்குரியது. பல்கலைக்கழக அனுமதிக்காகக் குரலெழுப்பிய ஒரு சமுதாயம், அதே உறுதியுடன் கல்வியின் உள்ளடக்கத்திற்காகவும் குரலெழுப்புமாயின் அது சாத்தியமே. கிணற்று நீர் உவர்த்துப் போவதற்குப் பட்டமளிப்பு விழாக்களின் கணக்குத் தெரியாது. அது ஆண்டுதோறும் தன் போக்கில் உயர்ந்து கொண்டிருக்கின்றது. அளப்பதற்கு அங்கு எவர் நிற்கின்றனர் என்பதே வினா.