எல்லாம் எரிந்தால் எதைக் கற்பது?

போச்சம்பள்ளியில் ஓலாவும் ஓசூரில் ஏதரும் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் மாவட்டத்தில், கோடை அறிவியல் முகாம் என்றால் மின்சாரம் இடம்பெறத்தான் செய்யும். செய்துபார்த்துக் கற்கும் முறைக்கு இங்கே கூடுதல் நியாயமும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இப்பகுதியில் ஏராளம். பாடநூல் வரையறையில் தடுமாறும் பிள்ளைகூட பேட்டரியையும் ஒயரையும் பல்பையும் சரியாக இணைத்துவிடும். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றமும், ஆந்திர எல்லைக்கு அப்பால் குப்பத்தில் அகஸ்தியா அறக்கட்டளை நடத்தும் வளாகமும் இந்த நம்பிக்கையில் எழுந்தவையே. நம்பிக்கை சரி. கையால் செய்துவிட்டாலே கருத்து விளங்கிவிடும் என்று எண்ணுவதுதான் பிழை.

முகாம்களின் செல்லப்பிள்ளையான எலுமிச்சை பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். செம்புத் தகடும் துத்தநாகம் பூசிய ஆணியும் செருகிய ஒரு பழம் ஏறத்தாழ 0.9 வோல்ட் தரும். மூன்று நான்கு பழங்களைக் கோத்தால் சிவப்பு எல்இடி மங்கலாக எரியும். கைதட்டல் எழும். பிள்ளையோ, எலுமிச்சைக்குள் மின்சாரம் இருக்கிறது என்ற முடிவோடு வீடு திரும்பும். உண்மையில் ஆற்றல் வருவது துத்தநாகம் கரைவதிலிருந்து. இரண்டு பக்கமும் செம்பையே செருகினால் எல்இடி எரியாது. பழத்துக்குப் பதில் வினிகரை வைத்தாலும் வேலை நடக்கும். பாடம் இருப்பது இந்த இரண்டு சோதனைகளில்தான். நேரம் போதாதென்று பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவதும் இவைதான்.

டார்ச் பல்பு போய் எல்இடி வந்ததிலும் ஓர் இழப்பு உண்டு. பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது, அடுத்த பல்புக்குக் குறைவாகவே போகிறது என்பது உலகெங்கும் பிள்ளைகளிடம் காணப்படும் தவறான எண்ணம். ஒரே வகை டார்ச் பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்தால் இரண்டும் சமமாக மங்கும். அந்த எண்ணம் அங்கேயே உடையும். மூன்று வோல்ட்டில் இரண்டு வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்தால் எதுவுமே எரியாது, ஒப்பிட ஒன்றும் இருக்காது. பட்டம் பெற்றாலும் மின்சுற்று பற்றிய குழப்பம் தானாகத் தீராது. அமெரிக்காவில் 1990களில் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில், எம்ஐடி, ஹார்வர்டு பட்டதாரிகளிடம் ஒரு பேட்டரியும் ஒயரும் பல்பும் கொடுத்து எரியவைக்கச் சொன்னபோது பலர் திணறினார்கள்.

எரியாத சோதனைகளையும் வைத்தால் அந்தத் தோல்வி பிள்ளைகளைச் சோர வைக்கும், ஆர்வத்தை ஊட்டினால் போதும் என்பார்கள். ஆர்வம் வேண்டும்தான். ஆனால் சொன்ன வரிசையில் பொருத்தி முடிப்பது அசெம்பிளி லைன் வேலை. பழுது எங்கே என்று தேடுவதுதான் மெயின்டனன்ஸ் பிரிவின் வேலை, அறிவியலின் வேலையும்கூட. பாதுகாப்பு பற்றிய கவலை இன்னும் வலுவானது. 1.5 வோல்ட்டைத் தொட்டுப் பழகிய விரல் 230 வோல்ட் பிளக்கிலும் துணிந்துவிடலாம். இதற்காகச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

பெற்றோரே, பணம் கட்டும் முன் எத்தனை மாடல் செய்ய வைப்பீர்கள் என்று கேட்காதீர்கள். ஒரு சோதனைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள்.